பிரபுக்களின் பள்ளிக்கு வெளியே நின்ற வியாபாரி மகன்... உங்க டிராயிங் ஷீட்டில் இருக்கும் அந்த ஒற்றைக் கோடு! - காஸ்பார் மோன்ஜ் கதை

சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறவங்களுக்கு விசைத்தறிச் சத்தம் புதுசில்லை. ஒரு தறியில் கையகல இரும்பு பார்ட் ஒன்று உடைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. பழைய மாடல், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கலை. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செஞ்சு தர்றோம்னு சொல்றாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? போனை எடுத்து நாலு போட்டோ பிடிச்சு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவீங்க. பட்டறைக்காரர் என்ன கேட்பார் தெரியுமா? டிராயிங் இருந்தா அனுப்புங்க என்பார்.

காரணம் எளிது. போட்டோவில் பக்கத்தில் இருக்கிறது பெருசாத் தெரியும், தள்ளி இருக்கிறது சின்னதாத் தெரியும். ஓட்டை எவ்வளவு ஆழம், விளிம்பு எவ்வளவு தடிமன் என்று அதில் அளக்க முடியாது. ஆனா முன்னால் இருந்து பார்த்த படம் ஒண்ணு, மேலே இருந்து பார்த்த படம் ஒண்ணு, பக்கவாட்டுப் படம் ஒண்ணு... மூணையும் மில்லிமீட்டர் கணக்கோடு ஒரு தாளில் போட்டு அனுப்பினா போதும். உடைஞ்ச பார்ட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தர் அதே மாதிரி இன்னொண்ணை உருவாக்கிடுவார்.

பார்க்காத பொருளை, பேசாத மனுஷர் சரியாகச் செய்வது! யோசிச்சுப் பார்த்தா கொஞ்சம் மாயாஜாலம் மாதிரி இல்லையா? அந்த மாயாஜாலத்துக்கு முறையான கணக்கு எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்பார் மோன்ஜ். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் முதல் வருஷம் என்று எங்கே படித்திருந்தாலும், ஷீட்டின் நடுவே குறுக்கே ஒரு எக்ஸ்-ஒய் கோடு போட்டிருப்பீங்க. அந்தக் கோட்டின் பூர்வீகம் அவர்கிட்டதான் போய் நிற்கும். கிராஃபிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவங்க பெயர் தெரியாமலேயே அவரைத் திட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதல்ல அவர் கதையைக் கேட்டுட்டு, அப்புறம் திட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

ஊர் பெயரே போன்!

1746-ம் ஆண்டு மே மாதம், பிரான்ஸின் திராட்சைத் தோட்டப் பகுதியான பர்கண்டியில் பிறந்தார் மோன்ஜ். ஊரின் பெயர் போன். உங்க கையில் இருக்கிற போன் இல்லைங்க, ஊர் பெயரே அதுதான். அப்பா ழாக் மோன்ஜ், ஊர் ஊராகச் சுற்றிச் சாமான் விற்ற வியாபாரி. பெரிய சொத்து கிடையாது. ஆனால், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடி. ஊரில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் மகனைச் சேர்த்தார்.

பையனுக்குப் புத்தகத்தைவிடக் கைவேலையில்தான் கண். 14 வயதில், ஊரில் தீ பிடித்தால் அணைக்க ஒரு பம்பு செய்து காட்டினான் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 16 வயதில் லியோன் நகரக் கல்லூரிக்குப் போனார். படிக்கப் போன இடத்திலேயே ஒரு வருஷத்தில் இயற்பியல் பாடம் நடத்தும் வேலையும் கொடுத்துவிட்டார்கள்.

1764-ல் சொந்த ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. அளக்கும் கருவிகளைத் தானே செய்துகொண்டு, தெருத்தெருவாக நடந்து, போன் நகரம் முழுவதற்கும் பெரிய அளவில் ஒரு வரைபடம் போட்டார். கூகுள் மேப் இல்லாத காலத்தில், 18 வயசுப் பையன் ஒருவன் வரைந்த மேப். அதைத் தற்செயலாகப் பார்த்த ராணுவ அதிகாரி ஒருவர் அசந்துபோய், மெசியேர் நகரில் இருந்த அரச ராணுவப் பொறியியல் பள்ளிக்கு மோன்ஜைச் சிபாரிசு செய்தார். கதவு திறந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோணும். ஆனால், திறந்தது முன்வாசல் இல்லை.

ஒரே பள்ளி, இரண்டு வாசல்

மெசியேர் பள்ளி அந்த நாளில் ஐரோப்பாவிலேயே பேர்போன பள்ளி. கோட்டை கட்டும் அதிகாரிகளை உருவாக்குவது அதன் வேலை. அங்கே அதிகாரி மாணவனாகச் சேர மூளை மட்டும் இருந்தால் போதாது, பிறப்பும் வேண்டும். பிரபு குடும்பம் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். சாமான் விற்கிறவர் மகனுக்கு அது எங்கிருந்து வரும்?

அதனால் மோன்ஜை அதே வளாகத்தில் இருந்த கைவேலைப் பிரிவில் போட்டார்கள். கல்லை எப்படி வெட்டி அடுக்குவது என்று காட்டும் பிளாஸ்டர் மாதிரிகள் செய்வது, அதிகாரிகள் போட்ட திட்டத்துக்குப் படம் வரைவது... இதுதான் அங்கே வேலை. எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அங்கிருந்து அதிகாரி ஆக முடியாது. தகுதி கைக்கெட்டும் தூரத்தில், அனுமதி எட்டாத தூரத்தில்! இந்த நிலைமை உங்க வீட்டிலோ, தெருவிலோ யாருக்காவது நடந்திருந்தா, அந்தப் பையனின் வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

கோட்டையை எப்படி வரைந்தார்கள்?

அந்தக் காலத்தில் கோட்டைக் கணக்கு என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, உயிர் போகிற விஷயம். 1761-ல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்து, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டில் யூசுப் கான், புலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர்க் கோட்டைகளைப் பிடித்தார். 1767-ல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். புலித்தேவர் மறைந்துபோனதாக இன்றும் மக்கள் சொல்கிற இடம் நம்ம சங்கரன்கோவில் கோயில்தான். சுவர் எவ்வளவு உயரம், பீரங்கி எங்கிருந்து சுடும் என்ற கேள்வி மெசியேரில் இருந்தவர்களுக்கும், மலையடிவாரத்தில் மண்கோட்டை கட்டியவர்களுக்கும் ஒன்றேதான்.

கோட்டையைத் தாளில் காட்ட அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு வழி, உங்களுக்கு நல்லாப் பழகினதுதான். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாடியிருக்கீங்களா? அதில் கிராமத்தை மேலே இருந்து சாய்வாகப் பார்ப்பீங்க. கிட்ட இருக்கிற சுவரும் தூர இருக்கிற சுவரும் ஒரே அளவில்தான் தெரியும். தூரம் போகப் போகச் சுருங்காது. கோட்டைப் பொறியாளர்கள் வரைந்த படங்களும் இதே குடும்பம்தான். பாடப்புத்தகத்தில் ஆப்ளிக் புரொஜெக்‌ஷன் என்று ஒன்று வருமே, அது இந்தக் குடும்பத்தில் எல்லோரும் சுலபமாக வரையக்கூடிய பிள்ளை.

இதைப் புரிஞ்சுக்க டிராஃப்டர் வேண்டாம், மொட்டைமாடி போதும். வெயில் சாய்வாக அடிக்கிற நேரத்தில் உங்க போனைத் தரைக்குச் சமமாக, அரையடி உயரத்தில் பிடிங்க. தரையில் விழும் நிழலைப் பாருங்க. நிழல் தள்ளிப் போய் விழுமே தவிர, போனின் நீளமும் அகலமும் அப்படியே இருக்கும். சூரியக் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருவதால் வரும் வினோதம் இது. அதாவது, படம் விழும் தளத்துக்கு இணையாக இருக்கிற முகம் உருவம் மாறாது. ஆப்ளிக் படத்தில் முன்முகத்தை உள்ளது உள்ளபடி வரைகிறோமே, ஏன் என்று கேட்டால் இதுதான் பதில்.

சரி, ஆழம்? இப்போ தரையில் ஒரு பென்சிலை நட்டு வையுங்க. வெயில் தரையோடு 45 டிகிரி சாய்ந்திருக்கும்போது, நிழல் பென்சிலின் உயரத்துக்குச் சமமாக விழும். இதுதான் கேவலியர் முறை. பின்னால் போகிற கோடுகளுக்கு முழு அளவு. வெயில் இன்னும் மேலேறி சுமார் 63 டிகிரிக்கு வரும்போது நிழல் சரியாகப் பாதியாகச் சுருங்கும். இதுதான் கேபினட் முறை. பின்னால் போகிற கோடுகளுக்குப் பாதி அளவு. கேவலியர் என்பது கோட்டைக்குள் உயர்த்திக் கட்டும் மேடைக்கு உள்ள பெயர். கேபினட் என்பது அலமாரி செய்யும் தச்சர்கள் பயன்படுத்தியதால் வந்த பெயர் என்பார்கள். முழு ஆழம் போட்டால் அலமாரி ரயில் பெட்டி மாதிரி நீண்டு தெரியும். பாதியாக்கினால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பரீட்சையில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இங்கே இருக்கு. தாளில் சாய்கோடு 30 டிகிரியில் போகுதா, 45-ல் போகுதா என்பது வேறு. ஆழத்துக்கு முழு அளவா, பாதி அளவா என்பது வேறு. முதலாவது, வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, வெயில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்காம இருந்தாலே பாதி மார்க் வந்துடும்.

சங்கரநாராயணர் கோயிலின் 9 நிலைக் கோபுரம் தினமும் வீதியில் போடும் நிழல்கூட ஒரு ஆப்ளிக் படம்தான். காலையில் நீளும், உச்சியில் சுருங்கும். கோபுரம் என்னவோ அப்படியே நிற்கும்.

யாரும் நம்பாத விடை

சாய்வுப் படத்தில் கோட்டை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஆனால், மேடும் பள்ளமுமான நிலத்தில் கட்டப்போகிற கோட்டைக்குள் எதிரியின் பார்வை எங்கெல்லாம் விழும் என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். அடுத்திருக்கும் மேட்டிலிருந்து எதிரி பார்த்தாலும் உள்ளே நிற்கிற வீரனின் தலை தெரியக் கூடாது. அதற்குச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும்? அதிகமாகக் கட்டினால் செலவு, குறைத்துக் கட்டினால் சாவு. இதற்கு விடை காண நீண்ட நீண்ட எண் கணக்குகள் போடுவார்கள். நாள்கணக்கில் இழுக்கும்.

ஒருநாள் அந்த வேலை மோன்ஜிடம் வந்தது. அவர் எண்களைத் தள்ளி வைத்துவிட்டு, ஜியோமிதியாக யோசித்தார். எதிரி நிற்கக்கூடிய மேடுகளைத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு சாய்தளத்தைக் கற்பனை செய்தார். அதைத் தாளில் கோடுகளாக மாற்றினார். விடை சட்டென்று வந்து நின்றது.

இவ்வளவு சீக்கிரம் முடிக்கவே முடியாது என்று சொல்லி, தாளைச் சரிபார்க்கக்கூட மேலதிகாரி மறுத்தார். ஒரு கைவேலைக்காரப் பையன் குறுக்குவழியில் ஏதோ எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்ற நினைப்பு. மோன்ஜ் விடவில்லை. பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் பார்த்தார்கள். விடை சரி. வழி அதைவிடச் சரி.

இரண்டு சுவர், ஒரு கீல்

அந்த வழி என்ன? உங்க லேப்டாப்பைத் திறந்து வையுங்க. கீபோர்டு பக்கம் தரை, ஸ்கிரீன் பக்கம் சுவர். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் அந்தரத்தில் நிற்கிறதாக நினைச்சுக்குங்க. பழத்திலிருந்து நேர் செங்குத்தாகக் கீழே கோடு இறக்கினால் கீபோர்டில் ஒரு படம் விழும். நேராகப் பின்னால் கோடு இழுத்தால் ஸ்கிரீனில் ஒரு படம் விழும். இப்போ லேப்டாப்பை முழுசாகப் பின்னால் மடக்கி, இரண்டையும் ஒரே மட்டத்தில் படுக்க வைங்க. மேலே முன்தோற்றம், கீழே மேல்தோற்றம், நடுவில் கீல். அந்தக் கீல்தான் உங்க எக்ஸ்-ஒய் கோடு!

முன்தோற்றமும் மேல்தோற்றமும் மோன்ஜுக்கு முன்னாடியும் இருந்தன. கல் வெட்டுகிறவர்கள், மரவேலை செய்கிறவர்கள், கப்பல் கட்டுகிறவர்கள் என ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு சூட்சுமம் இருந்தது. அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, குருவிடமிருந்து சீடனுக்கு என்று கைமாறும். வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள். நம்ம ஊர் ஆசாரிமாரும் ஸ்தபதிகளும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியதும் இப்படித்தானே? மோன்ஜ் செய்தது, இத்தனை தொழில் சூட்சுமங்களுக்கும் பொதுவான ஒரே இலக்கணத்தை எழுதியது. அந்தரத்தில் இருக்கும் எந்தப் புள்ளியையும் இரண்டு படங்களால் பிடித்துவிடலாம். ஒரு குழாய் இன்னொரு குழாயை வெட்டுகிற வளைவையும் கோடு போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

சாய்வுக் கோட்டை அவர் தூக்கி எறியவும் இல்லை. ஒரு பொருள்மேல் வெயில் சாய்வாக விழுந்தால் நிழல் எங்கே எப்படி விழும் என்று துல்லியமாக வரைவதையும் பாடமாக நடத்தினார். தட்டையான தாளில் ஒரு தூண் உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் நிழல்தானே துணை? நேர்க்கோடுகள் அளவைச் சொல்லும், சாய்வுக் கோடுகள் உருவத்தைக் காட்டும். இரண்டும் ஒரே குடும்பம்.

கண்டுபிடித்தவர் வாய் திறக்கக் கூடாது!

விடையைப் பார்த்த ராணுவம் மோன்ஜைப் பாராட்டியது. கையோடு வாயையும் கட்டிப்போட்டது. எதிரி நாட்டுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று சொல்லி, இந்த முறை ராணுவ ரகசியம் ஆக்கப்பட்டது. மெசியேரில் படிக்கும் அதிகாரி மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கலாம். வெளியே அச்சிடக் கூடாது.

இதில் இருக்கிற வேதனையைக் கவனிங்க. யாரை அதிகாரி ஆக்க மாட்டேன் என்றார்களோ, அவரிடமிருந்தே அதிகாரிகள் பாடம் படித்தார்கள். அவருடைய அப்பா போன்ற ஆட்களின் பிள்ளைகளுக்கோ, பட்டறையில் இரும்பு அடிக்கிறவர்களுக்கோ அந்தப் பாடம் கிடைக்கவில்லை. சுமார் 30 வருஷம் இது நீடித்தது.

இடையில் வாழ்க்கை நகர்ந்தது. 1769-ல் மெசியேரில் கணிதம் கற்பிக்கும் பொறுப்பு மோன்ஜிடம் வந்தது. 1777-ல் கேத்ரின் உவார் என்ற இளம் விதவையைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்குச் சொந்தமாக இரும்புப் பட்டறை இருந்தது. உலையும் உருக்கும் மோன்ஜுக்குப் பழக்கமானது அப்படித்தான். 1780-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது. 1783-ல் கடற்படை மாணவர்களின் தேர்வாளர் ஆனார். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பாடம் தெரியவில்லை என்றால் தேர்ச்சி போட மாட்டார் என்று பெயரெடுத்தார்.

புரட்சி திறந்த கதவு

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பை வைத்து மனிதரை எடைபோட்ட உலகம் ஆட்டம் கண்டது. மோன்ஜ் புரட்சியின் பக்கம் நின்றார், அதில் ஆச்சர்யம் என்ன? 1792 ஆகஸ்ட்டில் கடற்படை அமைச்சர் ஆனார். அரசியல் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. எட்டே மாதத்தில் விலகினார். ஆனால், அந்த எட்டு மாதத்துக்குள்தான் மன்னர் பதினாறாம் லூயி கொல்லப்பட்டார். அப்போது அமைச்சரவையில் இருந்தவர் என்ற பெயர் அவரைக் கடைசிவரை துரத்தியது.

அடுத்து நாட்டைச் சுற்றிப் போர். பீரங்கி வேண்டும், வெடிமருந்து வேண்டும், செய்யத் தெரிந்த ஆள்கள் போதவில்லை. மோன்ஜ் பட்டறை பட்டறையாக அலைந்தார். பீரங்கி வார்ப்பது எப்படி என்று படங்களோடு ஒரு புத்தகமே எழுதினார். அது வெளிவந்தது 1794-ல். சூட்சுமம் தெரிந்த நாலு பேர் மட்டும் இருந்தால் ஒரு நாடு பிழைக்காது, படம் படிக்கத் தெரிந்த ஆயிரம் பேர் வேண்டும் என்பது அவருக்கு அந்த நாள்களில் நெருப்பு மாதிரி உறைத்திருக்க வேண்டும்.

அதே 1794-ல் பாரிஸில் ஒரு புதுப் பள்ளி பிறந்தது. மோன்ஜ் அதன் மூளைகளில் ஒருவர். பிரபு குடும்பத்து அத்தாட்சி வேண்டாம், நுழைவுத் தேர்வில் திறமை காட்டினால் போதும். அடுத்த ஆண்டே அதற்கு எகோல் பாலிடெக்னிக் என்று பெயர் வந்தது. நம்ம ஊர் பாலிடெக்னிக் என்ற பெயரைப் பாருங்க, சொந்தம் தெரியும்! இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அதே 1794-ல்தான் சென்னை ஜார்ஜ் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். 8 சிறுவர்களோடு ஆரம்பித்த அந்தப் பள்ளிதான் பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

1795 ஜனவரியில், ஆசிரியர்களை உருவாக்க பாரிஸில் திறந்த இன்னொரு பள்ளியில் மோன்ஜ் மேடையேறினார். 30 வருஷ ரகசியத்தை எல்லோர் முன்னாலும் போர்டில் வரைந்து காட்டினார். பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்தார்கள். 1799-ல் அது புத்தகமாக வெளிவந்தது. அதன் பிறகு அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. கடல் தாண்டியது. 1816-ல் அவர் பள்ளியில் படித்த குளோடியஸ் குரோசே, அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் அதைக் கற்பிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாடாக, ஒவ்வொரு கல்லூரியாக நடந்து நடந்து, ஒருநாள் உங்க ஏ3 ஷீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நெப்போலியனின் நண்பர்

1796-ல் இத்தாலியில் நெப்போலியனைச் சந்தித்தார் மோன்ஜ். இருவருக்கும் நட்பு இறுகியது. இத்தாலியிலிருந்து ஓவியங்களையும் சிலைகளையும் பிரான்ஸுக்கு அள்ளிப்போகத் தேர்ந்தெடுத்த குழுவில் மோன்ஜும் இருந்தார். வென்றவர் கொள்ளை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையின் எல்லாப் பக்கமும் வெள்ளையில்லை.

1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் தொடங்கிய ஆய்வுக் கழகத்தின் தலைவர் ஆனார். பாலைவனத்தில் நடந்த வீரர்கள் தூரத்தில் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள், கிட்டப் போனால் வெறும் மணல். சூடான தரைக்கு மேலே இருக்கும் காற்றில் ஒளி வளைவதால் வரும் வேலை இது என்று மோன்ஜ் விளக்கம் எழுதினார். சித்திரை வெயிலில் ராஜபாளையம் ரோட்டில் பைக் ஓட்டும்போது தார் மேலே தண்ணீர் தளும்புகிற மாதிரி தெரியுமே, அதே கானல்நீர்தான். ஒளிக்கோடு எப்படிப் போகும் என்பதுதானே அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை!

திரும்பி வந்ததும் பதவிகள் குவிந்தன. செனட் உறுப்பினர், செனட் தலைவர். 1808-ல் கோமகன் பட்டம். பிரபு இல்லை என்று ஒதுக்கப்பட்ட வியாபாரி மகன், பிரபு ஆனார். எல்லோருக்கும் சமம் என்று பேசிய புரட்சிக்காரர் பட்டம் வாங்கிக்கொண்டதைக் கேலி செய்தவர்களும் உண்டு.

ஆனா ஒரு விஷயத்தில் அவர் மாறவில்லை. நெப்போலியன் தன் பாலிடெக்னிக் பள்ளியை ராணுவப் பள்ளியாக மாற்றி, மாணவர்களிடம் கட்டணமும் வாங்கச் சொன்னபோது மோன்ஜ் எதிர்த்தார். பேரரசரிடமே மாணவர்களுக்காகப் பேசினார். பலிக்கவில்லை. அதனால் தன் பேராசிரியர் சம்பளத்தையே ஏழை மாணவர்களின் கட்டணத்துக்குக் கொடுத்தார். அத்தாட்சி இல்லாமல் வாசலில் நின்ற நாள்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாணவர்கள் வந்த நாள்

1815-ல் நெப்போலியன் வீழ்ந்தார். பழைய அரச வம்சம் திரும்பியது. மோன்ஜின் கணக்கைத் தீர்க்கும் நேரம். 1816-ல் அறிவியல் கழகத்திலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். பாலிடெக்னிக்கையும் கொஞ்ச காலம் இழுத்து மூடினார்கள். உடலும் மனதும் ஒடிந்த நிலையில், 1818 ஜூலை 28 அன்று பாரிஸில் மோன்ஜ் இறந்தார். 72 வயது.

பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதி ஊர்வலத்துக்குப் போக அனுமதி கேட்டார்கள். அரசு மறுத்துவிட்டது. மாணவர்கள் கலாட்டா செய்யவில்லை. விடுமுறை நாள் வரும்வரை பொறுத்திருந்தார்கள். வந்ததும் ஒன்றாகக் கிளம்பி, கல்லறைக்குப் போய் மரியாதை செலுத்திவிட்டுத் திரும்பினார்கள். பதவியும் பட்டமும் கொடுத்தவர்கள் காணாமல்போன நேரத்தில், பாடம் படித்தவர்கள் வந்து நின்றார்கள்.

பிறகு காலம் அவர் பக்கம் திரும்பியது. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் மோன்ஜும் ஒருவர். பாரிஸில் அவர் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. 1989-ல் அவருடைய எச்சங்கள், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியனுக்கு மாற்றப்பட்டன.

இன்னிக்கு கேட் சாஃப்ட்வேரில் ஒரு கிளிக்கில் முப்பரிமாண உருவம் வந்துவிடுகிறது. அப்புறம் எதுக்கு இந்தப் பென்சில் பாடம்னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனா, அந்த சாஃப்ட்வேர் கடைசியில் பட்டறைக்கு அனுப்புகிற தாளில் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம்தான் இருக்கும். கூடவே, பார்த்ததும் புரிய ஓரத்தில் ஒரு சாய்வுப் படம். படிக்கத் தெரிஞ்சவருக்கு அது பொருள், தெரியாதவருக்கு அது வெறும் கோடு.

உங்க வீட்டில் யாரும் இதுக்கு முன்னாடி டிராஃப்டரைத் தொட்டதில்லையா? பரவாயில்லை. மோன்ஜ் வீட்டிலும் யாரும் தொட்டதில்லை. ஒரு காலத்தில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பார்க்க அனுமதித்த பாடம், இப்போ சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் தோளில் சார்ட் டியூபோட பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் சொந்தம். அடுத்த முறை ஷீட்டைப் பலகையில் ஒட்டி, முதல் வேலையா நடுவில் அந்தக் கோட்டைப் போடுவீங்க இல்லையா? நல்லா அழுத்தமாவே போடுங்க.